கனவுகளுக்குப் பொருள் உண்டா?

"சாமி, விடியற்காலையில ஒரு கனவு கண்டேன். என் பல்லெல்லாம் உதிர்ந்து கையில விழுந்துச்சு. நாளன்னைக்கு மகன் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புறான். அவனைப் போக வேண்டாம்னு நிறுத்திடவா?"

காலைத் திருப்பலி முடிந்ததும் ஒரு தாய் நம்மிடம் கேட்ட கேள்வி இது. விடியற்காலைக் கனவு பலிக்கும், பல் விழுந்தால் வீட்டில் சாவு, கல்யாணத்தைக் கண்டால் இழவு என்று எத்தனையோ நம்பிக்கைகள் நம்மிடையே வழங்கி வருகின்றன. பஞ்சாங்கங்களிலும் கனவின் பலன்கள் அச்சாகின்றன. கிறிஸ்தவர்களாகிய நாம் கனவுகளை எவ்வாறு பார்க்க வேண்டும்? அவற்றுக்குப் பொருள் சொல்லலாமா?

திருவிவிலியத்தில் கனவுகள்

கடவுள் கனவின் வழியாகப் பேசியதுண்டு. இதைத் திருவிவிலியம் தெளிவாகவே சொல்கிறது. யாக்கோபு பெத்தேலில் விண்ணை எட்டும் ஏணியைக் கண்டார் (தொநூ 28). அவருடைய மகன் யோசேப்பின் வரலாற்றில் மட்டும் ஆறு கனவுகள் வருகின்றன: அவர் கண்டவை இரண்டு, சிறையிலிருந்த அரச அலுவலர் இருவர் கண்டவை இரண்டு, பார்வோன் கண்டவை இரண்டு. புதிய ஏற்பாட்டில் மத்தேயு நற்செய்தி, புனித யோசேப்புக்குக் கனவில் நான்கு முறை வழிகாட்டப்பட்டதைக் கூறுகிறது. ஞானிகளும் கனவில் எச்சரிக்கப்பட்டார்கள். பிலாத்துவின் மனைவியும் இயேசுவை முன்னிட்டுக் கனவில் துன்புற்றார் (மத் 27:19).

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கனவுக்குப் பொருள் சொல்வது கடவுளுக்கே உரியது என்கிறார் யோசேப்பு (தொநூ 40:8). பார்வோன் முன்பாகவும், விடை தருபவர் தாம் அல்ல, கடவுளே என்கிறார். தானியேல், அரசன் நெபுகத்னேசரின் கனவை அறிய எந்தக் குறிநூலையும் புரட்டவில்லை. தம் தோழர்களைச் செபிக்கச் சொன்னார் (தானி 2:17-18). ஆகவே விவிலியத்தில் கனவின் பொருள் ஒரு கலையோ தொழிலோ அல்ல. அது கொடை.

அதே விவிலியம் கண்டிப்பாகவும் பேசுகிறது. கனவு காண்பவன் சொன்ன அடையாளம் நடந்தேறினாலும், அவன் வேறு தெய்வங்களிடம் இழுத்தால் அவனுக்குச் செவிகொடுக்கக் கூடாது (இச 13:1-5). பொய்க் கனவுகளைச் சொல்லி மக்களை வழிதவறச் செய்த இறைவாக்கினரை எரேமியா சாடுகிறார். இறைவார்த்தையோடு ஒப்பிட்டால் அக்கனவுகள் கோதுமைக்கு முன் வைக்கோல் போன்றவை (எரே 23). உன்னத இறைவன் அனுப்பினாலன்றிக் கனவுகளில் மனத்தைச் செலுத்தாதே, அவற்றை நம்பி ஏமாந்தவர் பலர் என்று அறிவுறுத்துகிறது சீராக்கின் ஞான நூல் (சீஞா 34:1-7).

திருச்சபையின் படிப்பினை

திருத்தந்தை புனித பெரிய கிரகோரி, 6ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய 'உரையாடல்கள்' நூலில், கனவு தோன்றும் ஆறு வழிகளைப் பட்டியலிடுகிறார்: நிறைந்த வயிறு, வெறும் வயிறு, அலகையின் மயக்கு, நம் எண்ணத்தோடு கலந்த மயக்கு, இறைவெளிப்பாடு, எண்ணத்தோடு கலந்த வெளிப்பாடு. கனவுகளை மிகவும் நம்பிய ஒருவருக்கு நீண்ட ஆயுள் உண்டென்று கனவில் வாக்குக் கிடைத்ததாம். அவர் அந்த ஆயுளுக்கென்று பெரும் பணத்தைச் சேர்த்து வைத்தார். அதைத் தொடும் முன்பே திடீரென இறந்துபோனார் என்றும் கிரகோரியார் கூறுகிறார்.

13ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் இதே கேள்வியை ஆராய்ந்தார். பகலில் நினைத்தவையும் உடலின் நிலையும் கனவின் உள்காரணங்கள். சுற்றுப்புறம், கடவுள், அலகை ஆகியவை வெளிக்காரணங்கள். உடல் தரும் கனவைக்கொண்டு மருத்துவர் உடலின் நிலையை ஊகிப்பது தவறல்ல. காரணமில்லாத இடத்தில் வருங்காலத்தைத் தேடுவதே மூடநம்பிக்கை என்பது அவரது முடிவு. குறி கேட்டல், சகுனம் பார்த்தல் ஆகியவற்றைக் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வியும் விலக்குகிறது (எண் 2116).

அறிவியல் சொல்வது

1953இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தூக்கத்தில் கண்கள் விரைந்து அசையும் ஒரு நிலையைக் கண்டறிந்தார்கள். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அப்போதுதான் வருகின்றன. இந்நிலை இரவின் பிற்பகுதியில் நீள்வதாலும், கனவின் நடுவே விழிப்பதாலும், விடியற்காலைக் கனவு நினைவில் நிற்கிறது. அது 'பலிக்கும்' என்று தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணமல்லவா? கனவுகளை ஆழ்மனத்தின் ஆசைகளாகக் கண்டார் சிக்மண்ட் பிராய்டு. கார்ல் யுங் வேறுவிதமாக விளக்கினார். ஒவ்வொரு கனவுக்கும் ஒரே பொருள் தரும் அகராதியை எந்த அறிவியலும் தரவில்லை.

தொன் போஸ்கோவின் கனவு

புனித தொன் போஸ்கோ ஏறத்தாழ ஒன்பது வயதில் ஒரு கனவு கண்டார். சண்டையிடும் சிறுவர்கள், அடியால் அல்ல, அன்பால் அவர்களை வெல்லச் சொன்ன ஒருவர், ஒளிமிகு பெண்மணி, ஆட்டுக்குட்டிகளாக மாறிய காட்டு விலங்குகள்! காலையில் வீட்டில் ஆளுக்கொரு பொருள் சொன்னார்கள். ஆடு மேய்ப்பாய் என்றார் ஓர் அண்ணன். கொள்ளைக்கூட்டத் தலைவனாவாய் என்றார் மற்றோர் அண்ணன். குருவாகலாம் என்றார் தாய். படிப்பறியாத பாட்டியோ, கனவையெல்லாம் பொருட்படுத்தக் கூடாது என்றார். பாட்டியின் கருத்தே தமக்கும் சரியாகப்பட்டது, ஆயினும் கனவை மறக்க முடியவில்லை என்று புனிதர் பின்னாளில் எழுதினார். 1887இல், உரோமையில் திருஇருதய ஆலயத்தில் திருப்பலி நிறைவேற்றியபோதுதான் அதன் பொருள் முழுவதும் விளங்கிக் கண்ணீர் வடித்தார். இடைப்பட்ட அறுபது ஆண்டுகளும் அவர் பொருள் தேடி அலையவில்லை. ஏழைச் சிறுவர்களுக்காக உழைத்தார்.

நாம் செய்ய வேண்டியவை

1. கனவு இறைவார்த்தைக்கும் திருச்சபையின் படிப்பினைக்கும் முரணானால் அதை விட்டுவிடுவோம்.

2. அதன் கனியைப் பார்ப்போம். மனமாற்றமும் அமைதியும் தந்தால் நன்றி கூறுவோம். அச்சமும் பகையும் மட்டுமே தந்தால் பின்செல்ல வேண்டாம்.

3. கனவைச் சாட்சியாக்கி அடுத்த வீட்டாரைச் செய்வினைக்காரர் என்று பழிப்பது பெரும் பாவம். எத்தனை குடும்பங்கள் இதனால் பிரிந்திருக்கின்றன!

4. இறந்தவர்கள் கனவில் வந்தால் பரிகாரம் தேடி ஓட வேண்டாம். அவர்களுக்காகச் செபிப்போம், திருப்பலி ஒப்புக்கொடுப்போம்.

5. கனவை மட்டும் நம்பித் திருமணம், பயணம், சிகிச்சை ஆகியவற்றை முடிவுசெய்யக் கூடாது. ஆன்ம குருவிடம் பேசலாம். கொடுங்கனவுகள் தொடர்ந்தால் மருத்துவரைப் பார்ப்பதும் நல்லது.

அந்தத் தாயிடம் நாம் பொருள் எதுவும் சொல்லவில்லை. "எத்தனை நாளாக அம்மா தூங்கவில்லை?" என்றுதான் கேட்டோம். அழுதுவிட்டார். கணவரும் இப்படி வேலைக்கென்று போன ஊரிலேயே இறந்தவர். அந்தப் பயத்தை மகனிடம் ஒருநாளும் அவர் சொன்னதில்லை. அன்று மாலை இருவரும் சேர்ந்து வந்தார்கள். ஆசீர் பெற்று மகன் புறப்பட்டுச் சென்றார். ஞாயிறுதோறும் தாயிடம் பேசுவதாக வாக்களித்தார், பேசியும் வருகிறார். அந்தக் கனவு வருங்காலத்தைக் காட்டவில்லை. ஒரு தாயின் மனத்தைக் காட்டியது.

தூங்கும் புனித யோசேப்பின் சுரூபத்துக்கு அடியில் தம் கவலைகளை எழுதி வைப்பதாக, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் மணிலாவில் கூறினார். அந்த யோசேப்பு கனவிலிருந்து விழித்தெழுந்து, ஆண்டவரின் தூதர் பணித்தவாறே செய்தார் (மத் 1:24). நாமும் நம் இரவுகளை இறைவனிடம் ஒப்படைத்து உறங்குவோம். விழித்தெழுந்து அவர் திருவுளத்தைச் செய்வோம்.