பத்திரத்தில் இருந்த பிடி

கம்பத்திலிருந்து குமுளிக்கு ஏறும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால், லோயர் கேம்ப் பக்கம் மலையைப் பாருங்கள். நான்கு ராட்சதக் குழாய்கள் செங்குத்தாக இறங்கி வரும். பெரியாற்றுத் தண்ணீர் மின்சாரமாகும் இடம் அது. அந்த மின்சாரத்துக்காக ஒரு குட்டி சமஸ்தானம் சென்னை அரசோடு மல்லுக்கு நின்று ஜெயித்த கதை நம் பக்கத்தில் அதிகம் பேசப்படுவதில்லை.

தாது வருஷப் பஞ்சத்துக்குப் பின் மதுரைச் சீமைக்குப் பெரியாறு வந்தே தீரவேண்டும் என்று சென்னை அரசு முடிவுகட்டியது. ஆறு இருந்ததோ திருவிதாங்கூர் சமஸ்தானத்தில்.

அதற்காக வெள்ளையர் படை அனுப்பவில்லை. தேவையும் இல்லை. அங்கே திவானாக இருந்த வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சியை 1809-லேயே நசுக்கியாயிற்று. ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் கப்பம் வேறு. ரெசிடெண்ட் என்ற பெயரில் துரை ஒருவர் சமஸ்தானத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். நிர்வாகம் திருந்தாவிட்டால் நாட்டையே எடுத்துக்கொள்வோம் என்று 1855-ல் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி மிரட்டியதை அரண்மனை மறந்திருக்குமா? இந்த நிலையில் நடந்ததற்குப் பெயர் பேச்சுவார்த்தை!

திருவிதாங்கூர் முடியாது என்று சொல்லவில்லை, இழுத்தடித்தது. வருஷக்கணக்கில் கடிதங்கள் போய்வந்தன. கடைசியில் 1886 அக்டோபர் 29 அன்று திவான் ராமய்யங்கார் குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய், 999 ஆண்டுகள். அந்த 40,000 ரூபாயும் ரொக்கமாக வராது, கப்பத்தில் கழித்துக்கொள்வார்கள். 1898-ல் சீனாவை நெருக்கி ஹாங்காங்கை ஒட்டிய நிலத்தை எழுதி வாங்கியபோதுகூட 99 ஆண்டுகள்தான் கேட்டார்கள். இங்கே ஒரு 9 கூடுதல்.

மகாராஜா விசாகம் திருநாள் இதய ரத்தத்தால் கையெழுத்திட்டதாகக் கேரளத்தில் ஒரு கதை உண்டு. அவர் 1885 ஆகஸ்டிலேயே காலமாகிவிட்டார். பத்திரம் எழுதியபோது ஆட்சியில் இருந்தவர் மூலம் திருநாள். ஆனால் மனக்குறை என்னவோ நிஜம்தான்.

அந்தப் பத்திரத்தில் ஒரு ஷரத்து இருந்தது. தகராறு வந்தால் இரு தரப்பும் ஆளுக்கொரு நடுவரை வைக்க வேண்டும். அவர்கள் ஒத்துப்போகாவிட்டால் மூன்றாமவர் சொல்வதே தீர்ப்பு. அரை நூற்றாண்டு கழித்து, அதே தண்ணீரில் மின்சாரம் எடுக்கச் சென்னை முனைந்தபோது திருவிதாங்கூர் அந்த ஷரத்தைக் கையில் எடுத்தது. அப்போதைய திவான் சர் சி.பி.ராமசாமி ஐயர், முன்பு சென்னை அரசிலேயே சட்ட உறுப்பினராக இருந்தவர். எதிராளியின் நாடி அவருக்குத் தெரியும். குத்தகை பாசனத்துக்கு மட்டுமே என்பது திருவிதாங்கூரின் வாதம். நடுவர்கள் இருவரும் முரண்பட, மூன்றாமவரான நளினி ரஞ்சன் சட்டர்ஜி 1941 மே மாதம் திருவிதாங்கூர் பக்கமே தீர்ப்பளித்தார்.

பெரியாற்றில் அணை கட்டிய பென்னிகுக்குக்குப் பொங்கல் வைக்கும் நாம் இந்தத் தீர்ப்பையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். திருவிதாங்கூர் பணிந்துபோனது என்பது பாதிக் கதைதான். மின்நிலையம் சுதந்திரத்துக்குப் பிறகே வந்தது. 1970 மே 29 ஒப்பந்தத்தில் குத்தகை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்ந்தது, மீன்பிடி உரிமை கேரளத்துக்குத் திரும்பியது, மின்சாரத்துக்கும் தமிழ்நாடு தனியே பணம் தர ஒப்புக்கொண்டது.