உட்கோட்டையும் சிறிய காரும்



திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் நெடுஞ்சாலை, செஞ்சி நகரைக் கடந்ததும் பழைய கோட்டையின் எல்லைக்குள் புகுந்து செல்கின்றது. ஒருபுறம் இராசகிரி, மறுபுறம் கிருஷ்ணகிரி, சற்று விலகிச் சந்திராயன் துர்க்கம். இம்மூன்று குன்றுகளையும் இணைத்து ஓடும் மதில்களுக்கு நடுவே நாள்தோறும் எத்தனையோ சிறிய கார்கள் விரைந்து போகின்றன. தாய், தந்தை, இரண்டு குழந்தைகள், மடியில் ஒரு மூட்டையுடன் பாட்டி ஆகிய ஐவரையும் ஏற்றிக்கொண்டு செல்லும் அச்சிறு வண்டியை இராசகிரியின் உச்சியிலிருந்து நோக்கினால், எறும்பு ஊர்வது போலத் தோன்றும்.

கோட்டைக்கும் காருக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வினவலாம். தொடர்பு உண்டு. இரண்டும் மனிதன் தன் உயிரைச் சுற்றி எழுப்பிக்கொண்ட கூடுகளே. கோட்டை நிற்கும் கூடு. கார் ஓடும் கூடு. கோட்டை கட்டியவர்கள் முதலில் எண்ணிய ஒன்றைக் கார் கட்டியவர்கள் கடைசியில் எண்ணினார்கள். அக்கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகின்றேன்.

முதலில் கோட்டையைப் பார்ப்போம். செஞ்சியின் சிறப்பு அதன் மதிலின் கனம் மட்டும் அன்று; அடுக்கு முறையே அதன் உண்மையான சிறப்பு. அடிவாரத்தில் புறக்கோட்டை, அதற்குள் உட்கோட்டை, அதற்கும் மேலே, ஏறத்தாழ 800 அடி உயரத்தில், இராசகிரியின் உச்சிக்கோட்டை. மேலே செல்லும் வழியில் வாயிலுக்குப் பின் வாயிலாகப் பல வாயில்கள். இறுதியில் பாறை பிளந்து ஆழமான பள்ளம் ஒன்று குறுக்கிடுகின்றது. அதன்மேல் இட்டிருந்த மரப்பாலத்தை இழுத்துவிட்டால் உச்சி தனித்து நின்றுவிடும். புறமதில் வீழ்ந்தாலும் வீழட்டும்; அது வீழ்வதற்குள் பகைவனின் வேகம் குன்றவேண்டும்; உள்ளே இருக்கும் உயிர் பிழைக்கவேண்டும். இதுவே அந்த அமைப்பின் கருத்து.

இக்கருத்து பெருஞ் சோதனைக்கு உள்ளாயிற்று. 1677-இல் சிவாஜி இக்கோட்டையைக் கைப்பற்றி வலுப்படுத்தினார். பின்னர் அவருடைய மைந்தர் இராசாராம் இங்கே தங்கியிருந்தபோது, ஔரங்கசீப்பின் படைத்தலைவர் சுல்பிகர்கான் 1690-இல் முற்றுகையிட்டார். முற்றுகை விட்டுவிட்டு எட்டாண்டுகள் நடந்தது. 1698-இல் கோட்டை வீழ்ந்தது. ஆயினும் இராசாராம் அதற்குள் தப்பிப் போய்விட்டார். முற்றுகையிட்டோர் பக்கத்திலேயே அவருக்கு உதவி இருந்தது என்று கூறுவாரும் உளர். எவ்வாறாயினும் விளைவு ஒன்றே: கோட்டை நொறுங்கியது; உள்ளிருந்த தலைவர் உயிரோடு வெளியேறினார். இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனிக் காரின் கதைக்கு வருவோம்.

1956-இல் சூயஸ் கால்வாயை ஒட்டி நெருக்கடி மூண்டது. ஐரோப்பாவுக்கு எண்ணெய் வருவது தடைப்பட்டது. இங்கிலாந்தில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. குறைந்த எண்ணெயில் ஓடும் சிறிய கார் வேண்டும் என்ற குரல் எழுந்தது. பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பொரேஷன் இந்தப் பணியை அலெக் இசிகோனிஸ் என்ற பொறியாளரிடம் ஒப்படைத்தது. அவர் பெரிய காரைக் குறுக்கிச் சிறிய காராக்கவில்லை. காரின் உறுப்புகள் எங்கே இருக்கவேண்டும் என்பதையே புதிதாகச் சிந்தித்தார். அக்காலத்துக் கார்களிற் பெரும்பாலானவற்றில் எஞ்சின் நீளவாட்டில் இருந்தது. அவர் அதைக் குறுக்குவாட்டில் திருப்பி வைத்தார். கியர்ப் பெட்டியை எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே அமைத்தார். எஞ்சினின் ஆற்றலைப் பின்சக்கரங்களுக்கு அனுப்பாமல் முன்சக்கரங்களுக்கே கொடுத்தார். நடுவே ஓடிய நீண்ட தண்டும், அதற்காகக் காலடியில் எழுந்து நின்ற மேடும் மறைந்தன. சக்கரங்களை வெறும் 10 அங்குல அளவினவாக்கினார். மொத்த நீளம் 10 அடி. ஆனால் தளத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு மனிதருக்கும் அவர்தம் பொருளுக்கும் கிடைத்தது. 1959 ஆகஸ்டில் வெளிவந்த அந்தக் காரின் பெயர் மினி. இன்று உலகெங்கும் ஓடும் சிறிய கார்களிற் பெரும்பாலானவை எஞ்சினைக் குறுக்கே வைத்து முன்சக்கரங்களை இயக்கும் இந்த முறையையே பின்பற்றுகின்றன.

அதே 1959-ஆம் ஆண்டில் வேறு இரண்டு செயல்களும் நிகழ்ந்தன. ஜெர்மனியில் பேலா பாரெனி என்ற பொறியாளரின் எண்ணம் மெர்சிடிஸ் காரில் வடிவம் பெற்றது. காரின் முன்பகுதியும் பின்பகுதியும் மோதலில் நசுங்கவேண்டும்; நடுவிலுள்ள பயணிகள் கூடு மட்டும் நசுங்காமல் நிற்கவேண்டும் என்பது அவர் கண்ட உண்மை. சுவீடனில் நில்ஸ் போலின் என்பவர் தோளையும் இடுப்பையும் சேர்த்துக் கட்டும் மும்முனைப் பட்டையை வால்வோ காரில் அமைத்தார். அந்நிறுவனம் அதன் உரிமையைத் தானே வைத்துக்கொள்ளாமல் பிற நிறுவனங்களும் பயன்படுத்த இசைந்தது. ஓர் ஆண்டிலேயே மூன்று அறிவுகள் பிறந்தன: இடத்தை மிச்சப்படுத்தும் அறிவு, மோதலைத் தாங்கும் அறிவு, மனிதனைப் பிணைத்துக் காக்கும் அறிவு. முதலாவதைச் சிறிய கார் உலகம் விரைந்து ஏற்றுக்கொண்டது. மற்ற இரண்டும் சிறிய கார்களை மெல்லவே வந்தடைந்தன.

நம் நாட்டுக்கு வருவோம். விடுதலைக்குப் பின் நம் சாலைகளில் ஓடிய மூவகைக் கார்களில் அம்பாசிடர் வங்காளத்தின் உத்தரபாராவிலும், பியட் பம்பாயிலும் பிறந்தன. மூன்றாவது நம்முடையது. சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் கார்களைச் செய்தது. இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு என 1959-இல் தோன்றிய காரை அது 1961-இல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் தமிழ்நாட்டில் செய்யத் தொடங்கியது. 948 கன சென்டிமீட்டர் எஞ்சின். இத்தாலியக் கலைஞர் மிக்கெலோட்டி வரைந்த வடிவம். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் திறம். முன்மூடி முழுவதும் முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். பழுது பார்ப்பவர் டயரின்மேல் அமர்ந்தே எஞ்சினைக் கையாளலாம்.

ஆண்டுதோறும் உள்நாட்டு உறுப்புகள் பெருகின. 1960-களின் இறுதியில் இந்தியாவுக்கென்றே நான்கு கதவுகள் கொண்ட ஹெரால்டு வந்தது. தனித்தனியே அசையும் அதன் பின்சக்கர அச்சு நம் ஓட்டுநர்க்கும் மெக்கானிக்குகளுக்கும் ஒத்துவரவில்லை. ஆகவே 1972-இல் உறுதியான ஒற்றை அச்சுடன் கெஸல் என்ற கார் வெளிவந்தது. இவ்வளவும் பாராட்டத்தக்கனவே. ஆனால் எஞ்சின் மட்டும் பழைய 948 ஆகவே இருந்தது. 1970-களின் பிற்பகுதியில் கார்த் தொழில் அங்கே நின்றது. 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய கார் புத்துடலுடன் வந்தபோது, அதனுள் இருந்தது முந்திய தலைமுறையின் வான்கார்டு எஞ்சின். புது மதிலுக்குள் பழைய பீரங்கி! மூன்றாண்டுகளில் அத்தொழிற்சாலை ஓய்ந்தது.

இதற்கிடையில், 1983 டிசம்பர் 14-ஆம் நாள் குர்காவில் முதல் மாருதி 800 உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 796 கன சென்டிமீட்டர், மூன்று சிலிண்டர், குறுக்கே அமைந்த எஞ்சின், முன்சக்கர இயக்கம் என இசிகோனிஸ் வகுத்த இலக்கணமே ஜப்பான் வழியாக நம்மை வந்தடைந்தது. நடுத்தரக் குடும்பம் முதன்முறையாகக் காரைத் தன் வாசலில் கண்டது.

1998-இல் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் சான்ட்ரோவைச் செய்யத் தொடங்கியது. 999 கன சென்டிமீட்டர் எஞ்சினுக்குள் பெட்ரோலைக் கணக்காகத் தெளிக்கும் மின்னணு முறை அதில் இருந்தது. அதன் கூரை உயர்ந்திருந்தது. குனியாமல் ஏறி அமரலாம். தரையில் இடம் குறுகியபோது உயரத்தை நாடும் இந்த உத்தியைச் செஞ்சியிலேயே காணலாம். உட்கோட்டையில் நிற்கும் கல்யாண மகால் சிறிய அடித்தளத்தின்மேல் அடுக்கடுக்காய் எழுந்து, சுடுமண் குழாய்களின் வழியே மேல்மாடங்களுக்கும் நீர் பெற்றது அன்றோ?

பிறகு வரியும் ஒரு சிற்பியாயிற்று. 2006-இல் மத்திய அரசு, நீளம் 4 மீட்டருக்கு மேற்படாத, பெட்ரோல் எஞ்சின் 1200 கன சென்டிமீட்டருக்கு மேற்படாத சிறிய கார்களுக்கு உற்பத்தி வரியை 24 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடாகக் குறைத்தது. அன்று முதல் எல்லா நிறுவனங்களும் அந்த 4 மீட்டருக்குள் எவ்வளவு வசதியை அடைக்கலாம் என்று போட்டியிட்டன. குளிரூட்டி வந்தது, மின்விசையால் திரும்பும் ஸ்டியரிங் வந்தது, பாட்டுப் பெட்டி வந்தது. ஆனால் உள்ளே அமர்ந்தவரின் உயிர் என்னவாயிற்று?

2014 ஜனவரியில் விடை கிடைத்தது. அயல்நாட்டு ஆய்வமைப்பு ஒன்று இந்தியாவில் அன்று விற்கப்பட்ட ஐந்து சிறிய கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் தடுப்பில் மோதவிட்டது. காற்றுப்பை இல்லாத அந்த ஐந்தும் பெரியவர்களைக் காப்பதில் ஒரு விண்மீனும் பெறவில்லை. மூன்றில் பயணிகள் கூடே நிலைகுலைந்தது. மற்ற இரண்டில் கூடு நின்றது. அவ்விரண்டில் ஒன்றைக் காற்றுப்பையுடன் மீண்டும் சோதித்தபோது நான்கு விண்மீன்கள் கிட்டின. இதனால் விளங்குவது யாது? கார் சிறியதாய் இருந்தமை குற்றம் அன்று. அதன் அமைப்பைச் சிந்திக்காமல் விட்டதே குற்றம்.

இங்கே ஒரு சிறு கணக்குப் போடுவோம். மணிக்கு 64 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு ஏறத்தாழ 18 மீட்டர். அவ்வேகத்தில் செல்லும் உடல் 10 சென்டிமீட்டர் தூரத்துக்குள் நின்றுவிட்டால், அதன்மேல் விழும் சராசரி விசை உடலின் எடையைப் போல் 160 மடங்கு. அதே உடல் 60 சென்டிமீட்டர் நகர்ந்து நின்றால் 27 மடங்குதான். நிற்கும் தூரம் ஆறு மடங்கு ஆனால் விசை ஆறில் ஒன்றாகின்றது. காரின் முன்பகுதி நசுங்குவது நமக்கு இந்தத் தூரத்தை வாங்கித் தருவதற்கே. அது புறக்கோட்டை, தான் வீழ்ந்து பகைவனின் வேகத்தைக் குறைப்பது. பயணிகள் கூடு உட்கோட்டை; அது அசையக் கூடாது. ஆதலால் புதிய தலைமுறைச் சிறு கார்களில் கூட்டின் தூண்களைச் சாதாரண எஃகிலும் பன்மடங்கு வலிய எஃகால் செய்கின்றனர். எஃகைச் செந்தழலாகக் காய்ச்சி, அச்சில் அழுத்தி, அங்கேயே குளிர்வித்து அவ்வலிமையை ஏற்றுகின்றனர். கண் இமைப்பதற்குள் விரியும் காற்றுப்பை, சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காமல் காக்கும் பிரேக் அமைப்பு ஆகியவை இக்கோட்டையின் காவற்படைகள்.

சட்டமும் பின்தொடர்ந்தது. 2017 அக்டோபர் முதல் புதிய வகைக் கார்கள் மோதல் சோதனையில் தேறவேண்டும் என்ற விதி வந்தது. 2019 ஜூலை முதல் ஓட்டுநர்க்குக் காற்றுப்பை கட்டாயமாயிற்று. 2021-இல் அருகில் அமர்பவர்க்கும் அவ்விதி விரிந்தது. 2023 அக்டோபரில் நம் நாடே கார்களுக்கு விண்மீன் வழங்கும் சோதனையைத் தொடங்கியது. 1959-இல் தோன்றிய அறிவு நம் சிறிய காரை வந்தடைய ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் ஆயின! இடைக்காலத்தில் சாலையில் மடிந்தோரை எண்ணும்போது நெஞ்சம் கனக்கின்றது.

செஞ்சி மேலும் ஒரு பாடம் கற்பிக்கின்றது. மொகலாயரை எட்டாண்டுகள் நிறுத்திய அதே கோட்டையை 1750-இல் புஸ்ஸி தலைமையிலான பிரெஞ்சுப் படை ஒரே இரவில் கைப்பற்றியது. மதில் மாறவில்லை, மலை குறையவில்லை. மதில் தானே போர் புரியாது; உள்ளிருப்போரின் விழிப்பும் அதனோடு சேரவேண்டும். காரும் அவ்வாறே. எத்துணை வலிய கூடாயினும், பட்டை அணியாதவரை அது காக்க இயலாது. பின்னிருக்கையில் அமர்பவர்க்கும் பட்டை வேண்டும். மடியிலுள்ள குழந்தையை மோதலின்போது எந்தத் தாயின் கையும் பிடித்து நிறுத்த முடியாது. குழந்தைக்கெனத் தனி இருக்கை வேண்டும்.

நண்பர்களே! செஞ்சிக் கோட்டை 2025-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோவால் ஏற்கப்பட்டது. நீங்கள் அங்கே செல்லும் நாளில், இராசகிரியின் பள்ளத்துக்குமேல் உள்ள பாலத்தில் சற்று நின்று கீழே பாருங்கள். சாலையில் ஒரு சிறிய கார் போகும். அது எத்தனை கிலோமீட்டர் ஓடும், என்ன விலை, என்ன நிறம் என்று கேட்பார் பலர். உங்களில் நாளை பொறியாளர் ஆகப் போகின்றவர்கள் வேறொரு கேள்வியைக் கேளுங்கள்: 'இதன் புறமதில் வீழ்ந்தால், உள்ளிருக்கும் பாட்டியும் பேரக்குழந்தைகளும் உயிரோடு வெளியே வருவார்களா?' கோட்டை கட்டிய கொத்தனார் முதலில் கேட்ட கேள்வி அதுவே. கார் வரைபவரும் இனி முதலில் கேட்கவேண்டியது அதுவே.