யுரேனஸ் வளையங்களும் காவலூர்ப் பதிவும் (1977): ஓர் அறிவியல் வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் உண்டு என்பது 1977 மார்ச் 10 அன்று நிகழ்ந்த ஒரு விண்மீன் மறைப்பின்வழி வெளிப்பட்டது. அந்நிகழ்வைத் தமிழ்நாட்டின் காவலூர் வான்காணகமும் பதிவு செய்தது. ஆயினும் அப்பதிவைச் செய்தோர் அதனை ஒரு புதிய துணைக்கோளின் சான்றாகவே முதலில் வெளியிட்டனர். அப்பதிவின் சான்று மதிப்பு யாது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: யுரேனஸ், வளையங்கள், காவலூர், விண்மீன் மறைப்பு, வைணு பாப்பு

முன்னுரை

காவலூரில் உள்ள ஒரு மீட்டர் தொலைநோக்கியைப் பற்றி எழுதுவோர், யுரேனஸின் வளையங்கள் அதன்வழிக் கண்டுபிடிக்கப்பட்டன என்று கூறுவது வழக்கம். வளையங்களின் வரலாற்றை எழுதும் மேலைநாட்டார் பலர் காவலூரின் பெயரையே குறிப்பதில்லை. முன்னது மிகைக்கூற்று, பின்னது குறைக்கூற்று. இரண்டுக்கும் இடைப்பட்ட உண்மையை அறிய, அன்று எங்கெங்கு என்ன பதிவாயிற்று என்பதைப் பிரித்துப் பார்த்தல் வேண்டும்.

கோளும் அதன் சாய்வும்

யுரேனஸை வில்லியம் ஹெர்ஷெல் 1781 மார்ச் 13 அன்று இங்கிலாந்தின் பாத் நகரில் தாமே செய்த தொலைநோக்கியால் கண்டார். முதலில் அதனை வால்மீன் என்றே கருதினார். கதிரவனிலிருந்து பூமி உள்ள தொலைவைப்போல் ஏறத்தாழ 19 மடங்கு தொலைவில் உள்ள இக்கோள், ஒருமுறை சுற்றிவர 84 ஆண்டுகள் கொள்கிறது. ஹெர்ஷெல் கண்ட நாள் முதல் 1977 வரை அது இரண்டு சுற்றுகளை முடித்து மூன்றாவதில் இருந்தது. அதன் சுழலச்சு 98 பாகை சாய்ந்திருப்பதால், கோள் படுத்துக்கொண்டு உருள்வதுபோல் தோன்றும். நடுக்கோட்டுத் தளத்தில் அமைந்த வளையங்கள் 1966ஐ ஒட்டிய காலத்தில் பூமியை நோக்கி விளிம்பைக் காட்டின. 1977இல் அவை போதிய அளவு விரிந்து நின்றன. ஒரு விண்மீன் அவற்றின் பின்னால் கடந்து செல்லக் காலம் வாய்த்தது எனலாம்.

அவ்வளையங்கள் கரியைப்போல் இருண்டவை. கோளின் ஒளியருகே அவற்றை நேரே காண்பது அக்காலக் கருவிகளுக்கு இயலாத செயல். தம் மேல் விழும் ஒளியால் அல்லாமல், தாம் மறைத்த ஒளியாலேயே அவை அறியப்பட்டன.

மூன்று இடங்கள்

துலாம் விண்மீன் தொகுதியில் உள்ள எஸ்.ஏ.ஓ. 158687 என்னும் மங்கிய விண்மீனை யுரேனஸ் மறைக்கும் என்பதை கிரீனிச்சைச் சேர்ந்த கார்டன் டெய்லர் முன்கூட்டியே கணித்திருந்தார். கோளின் வளிமண்டலத்தை அறிவதே அனைவரின் நோக்கமாக இருந்தது. வளையத்தைத் தேடி எவரும் செல்லவில்லை.

கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் எலியட், எட்வர்டு டன்ஹாம், டக்ளஸ் மிங்க் ஆகியோர் கைப்பர் வான்வழி ஆய்வகம் எனப்பட்ட விமானத்தில் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதிமேல் பறந்தனர். அவ்விமானத்தில் 91 செ.மீ. தொலைநோக்கி ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. கணிப்பில் பிழை நேரலாம் என்று அவர்கள் கருவியை முன்னதாகவே இயக்கினர். கோள் விண்மீனை மறைப்பதற்கு முன்பே விண்மீனின் ஒளி பலமுறை குன்றி மீண்டது. கோள் விலகிய பின்னரும் அவ்வாறே நிகழ்ந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் வான்காணகத்தில் ராபர்ட் மில்லிஸும் உடனிருந்தோரும் இத்தகைய குறைவுகளைப் பதிந்தனர்.

இந்திய நேரப்படி அது மார்ச் 11இன் பின்னிரவு. அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்தின் சவ்வாது மலையில், காவலூரில், ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் 1972இல் நிறுவப்பட்ட ஒரு மீட்டர் தொலைநோக்கியோடு ஒளிமானியை இணைத்துக் காத்திருந்தனர். அவர்களும் விண்மீன் ஒளி திடீரெனக் குன்றிச் சில நொடிகளில் மீண்டதைப் பதிந்தனர்.

துணைக்கோளா, வளையமா?

'நேச்சர்' இதழின் 267ஆம் தொகுதியில், 1977 மே மாதம், இம்மூன்று குழுவினரின் கட்டுரைகளும் அடுத்தடுத்து வெளிவந்தன. எலியட் குழுவும் மில்லிஸ் குழுவும் வளையங்கள் என்றனர். பட்டாச்சார்யா, குப்புசாமி ஆகியோரின் கட்டுரைத் தலைப்போ யுரேனஸின் ஒரு புதிய துணைக்கோள் என்றது. ஒரே இரவின் ஒரே நிகழ்வு, ஒரே இதழின் சில பக்கங்களுக்குள் இருவேறு பொருள்களாக அச்சேறியது. அறிவியல் வரலாற்றில் இத்தகைய அருகமைவு அரிது.

இதனைக் காவலூராரின் பிழை என்று ஒதுக்குவது முறையன்று. ஓரிடத்தில், கோளின் ஒருபுறத்தில் பதிவான ஓர் ஒளிக்குறைவு, சிறு துணைக்கோளுக்கும் வளையத்துக்கும் ஒப்பப் பொருந்தும். துணைக்கோள் என்பதே எளிய விளக்கமும் ஆகும். எலியட் குழுவினரும் விமானத்தில் இருந்தபோது சிறு துணைக்கோள்களையே எண்ணினர். கோளின் இருபுறமும் ஒளிக்குறைவுகள் சம தொலைவில் அமைந்திருப்பதைப் பின்னர் ஒப்பிட்டபோதுதான் வளையம் என்னும் முடிவு பிறந்தது. அவர்களுக்குக் கிட்டியது கூரிய அறிவு மட்டுமன்று, இருபுறத்துப் பதிவும்கூட.

மற்றொரு தருக்கமும் உண்டு. அதில்தான் காவலூரின் இடம் விளங்குகிறது. விண்மீனின் ஒளி ஏறக்குறைய இணைகதிராக வருவதால், ஒரு துணைக்கோளின் நிழல் பூமியில் அத்துணைக்கோளின் அகலமே இருக்கும். நூறு கி.மீ. அகலமுள்ள பொருளின் நிழல் காவலூரிலும் பெர்த்திலும் ஒருங்கே படர இயலாது. அவ்விரண்டுக்கும் இடையே 6,000 கி.மீ.க்கும் மிகுந்த தொலைவு உள்ளது. ஒளிக்குறைவு இரண்டிடத்திலும் நேர்ந்ததெனில், மறைத்த பொருள் நீண்டு தொடர்வதாக இருத்தல் வேண்டும். ஆகவே காவலூர்ப் பதிவு, தன் ஆசிரியர்கள் முதலில் கூறிய விளக்கத்துக்கு எதிரான சான்றாகவே பிற பதிவுகளோடு சேர்ந்து நின்றது. சான்று மெய்; அதற்கு முதலில் இடப்பட்ட பெயர் மட்டுமே மாறியது.

பிற்பட்ட நிகழ்வுகள்

அதே ஆண்டின் இறுதியில், அப்போது இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்த வைணு பாப்புவும் பட்டாச்சார்யாவும் 'நேச்சர்' இதழிலேயே மற்றொரு கட்டுரை எழுதினர். அதன் தலைப்பு, யுரேனஸைச் சுற்றிச் சனிக்கோளுக்கு உள்ளது போன்ற வளையத் தொகுதி என்று பேசியது. துணைக்கோள் என்னும் கருத்து ஏழு மாதங்களுக்குள் கைவிடப்பட்டதை இது காட்டுகிறது. தம் முதற்கூற்றைத் தாமே திருத்திக்கொண்ட அந்நேர்மை, கண்டுபிடிப்பு என்னும் புகழுரையில் மறைந்துபோவது இக்கட்டுரையாளருக்கு வருத்தம் தருகிறது. எனினும், சனியோடு ஒப்பிட்டதும் முழுமையாகப் பொருந்தவில்லை. யுரேனஸின் முதன்மை வளையங்கள் பெரும்பாலும் சில கி.மீ. அகலமே கொண்ட மெல்லிய இழைகள். அவற்றுள் அகன்றதான எப்சிலான் வளையமும் 100 கி.மீ.க்கு உட்பட்டதே. 1986 ஜனவரி 24 அன்று வாயேஜர் 2 அண்மையில் கடந்தபோது இவற்றைப் படம் பிடித்தது. மேலும் இரண்டு வளையங்களையும் காட்டியது. இன்று அறியப்பட்டவை 13.

வளையங்களின் பெயர்கள் ஒரே சீராக இல்லை. ஆல்ஃபா முதல் எப்சிலான் வரையிலான கிரேக்க எழுத்துகள் எலியட் குழு இட்டவை. 4, 5, 6 என்னும் எண்கள் பெர்த் பதிவின் வரிசையிலிருந்து வந்தவை. காவலூர்ப் பதிவிலிருந்து ஒரு பெயரும் நிலைக்கவில்லை. துணைக்கோள் என்று பெயரிட்டவர்களுக்கு வளையங்களை எண்ணும் தேவை அன்று எழவில்லை.