காப்பாளர் கற்க வேண்டியவை

வயது வந்த ஒருவர் நோயினாலோ விபத்தினாலோ பிறவிக் குறையினாலோ தம் காரியங்களைத் தாமே கவனித்துக்கொள்ள இயலாதவராகிவிட்டால், அவருக்காகக் கையெழுத்திட வேண்டியவர் யார்? இக்கேள்வி புதியதன்று. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் ரோமானியர் வகுத்த பன்னிரு பட்டயச் சட்டத்திலேயே இதற்கு விடை உண்டு. சித்தம் கலங்கியவன்மீதும் அவன் உடைமையின்மீதும் அதிகாரம் தந்தைவழிப் பங்காளிகளுக்கு உரியது. அவர்கள் இல்லையேல் குலத்தாருக்கு உரியது. அதாவது, அவன் இறந்தால் சொத்தை அடையக்கூடியவர் எவரோ, அவரே அவன் உயிரோடிருக்கும்வரை காவலர். வேலி பயிரை மேயாது என்ற நம்பிக்கையின்மேல் எழுந்த ஏற்பாடு இது.

உறவையும் சொத்தையும் கொண்டு காப்பாளரைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் அதன்பின் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நீடித்தது. அவர் இப்பணிக்கு என்ன கற்றிருக்க வேண்டும் என்ற வினா எழுந்தது மிக அண்மைக் காலத்தில்தான்.

இங்கிலாந்தில் இப்பொறுப்பை மன்னர் தமதாக்கிக்கொண்டார். அங்குப் பழகிய முறைகள், கும்பெனி ஆட்சி முடிவுற்ற 1858ஆம் ஆண்டில் மூன்று சட்டங்களாக இந்தியாவுக்கு வந்தன. ஒன்று ராஜதானி நகரங்களின் உச்ச நீதிமன்றங்களுக்கு. மற்றொன்று வெளியூர் ஜில்லா நீதிமன்றங்களுக்கு. மூன்றாவது மனநோயாளர் விடுதிகளுக்கு. 1912ஆம் ஆண்டின் இந்தியப் பித்தர் சட்டம் இவற்றை ஒன்றுதிரட்டிற்று. அச்சட்டத்தின் ஆங்கிலத் தலைப்பிலுள்ள சொல், சந்திரனைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. திங்கள் வளர்வதும் தேய்வதும் மனிதர் அறிவைக் கலக்கும் என்ற பழைய நம்பிக்கையை அது சுமந்து நிற்கிறது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டோருக்கு இத்தகைய சொற்கள் பெரும் சங்கடம். ‘பித்தர்’ என்று எழுதினாலோ, நம் செவியில் இறைவன் திருநாமமும் கலந்து ஒலிக்கிறது.

அந்த 1912ஆம் ஆண்டுச் சட்டத்தில் பாராட்டத்தக்க ஓர் எச்சரிக்கை இருந்தது. நோயாளியின் உடலைக் காப்பவர் வேறு, சொத்தை நிர்வகிப்பவர் வேறு என்று அது பிரித்தது. சட்டப்படி வாரிசாகக்கூடியவரை உடலின் காப்பாளராக நியமிப்பதானால், அது நோயாளிக்கு நன்மை என்பதற்கான காரணத்தை நீதிபதி எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். ரோமானியர் திறந்துவைத்த வாயிலை இவ்விதி ஓரளவு அடைத்தது எனலாம். சொத்தின் நிர்வாகி ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலையும், பின்னர் ஆண்டுதோறும் கணக்கையும் ஒப்படைக்க வேண்டும். கணக்கு எழுதத் தெரிந்தால் போதும். நோயாளியோடு பேசத் தெரியுமா என்று எவரும் கேட்கவில்லை. ஜமீன் சொத்துகளை மேற்பார்த்த கோர்ட் ஆப் வார்ட்ஸ் நிர்வாகம், மைனர் ஜமீன்தார்களுக்கெனச் சென்னையில் நியூயிங்டன் என்ற கல்விச்சாலையையே நடத்திற்று. காக்கப்படுவோருக்குப் பள்ளி இருந்தது, காப்போருக்கு இல்லை.

காப்போருக்கும் கல்வி வேண்டும் என்பதைச் சட்டத்தில் எழுதிய நாடு ஜெர்மனி. அம்முடிவுக்கு அது எளிதில் வந்துவிடவில்லை. 1900 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த ஜெர்மானியச் சிவில் சட்டத் தொகுப்பு, மனநோயாளர், அறிவு குன்றியோர், ஊதாரிகள், குடிகாரர் ஆகியோரின் சட்டத் தகுதியை நீதிமன்றம் பறிக்கலாம் என்றது. மனநோயாளர் என்று தீர்ப்புப் பெற்ற ஐம்பது வயதுக்காரரும், ஒப்பந்தம் செய்வதைப் பொறுத்தவரை, ஏழு வயது நிரம்பாத குழந்தைக்குச் சமமானார். உற்றார் இல்லாதவருக்கு அரசாங்க அலுவலரே காப்பாளர். ஒரே அலுவலரின் பொறுப்பில் நூற்றுக்கு மேற்பட்டோர் இருந்ததும் உண்டு. அவர்களைக் கோப்பில் அன்றி நேரில் அறியாத காப்புமுறை இது என்ற கண்டனம் வலுத்தது. 1992 ஜனவரி முதல் உரிமை பறிக்கும் முறையே ஒழிக்கப்பட்டது. அதன் இடத்தில் வந்த புதிய ஏற்பாட்டின் பெயரை ‘உடனிருந்து பேணுதல்’ என்று தமிழில் சொல்லலாம்.

குடும்பத்தாரோ தொண்டு மனத்தினரோ கிடைத்தால் அவர்களுக்கே முதலிடம். எவரும் கிடைக்காதபோது ஊதியம் பெறும் காப்பாளரை நீதிமன்றம் நியமித்தது. இவ்வாறு ஒரு தொழில் பிறந்தது. சமூகப் பணியாளரும் வழக்கறிஞரும் அதில் இறங்கினர். ஆயினும் இன்ன படிப்பு வேண்டுமென்று முப்பது ஆண்டுகளாகச் சட்டம் வரையறுக்கவில்லை. 2023 ஜனவரி முதல் நிலைமை மாறிற்று. தொழில்முறைக் காப்பாளர் உள்ளூர் அதிகார அமைப்பிடம் பதிவு பெற வேண்டும். நன்னடத்தைச் சான்றும், பொறுப்புக் காப்பீடும், துறையறிவுக்கு ஆதாரமும் காட்ட வேண்டும். இதற்கான முழுப் பயிற்சி 270 மணி நேரம். சட்டமோ சமூகப் பணியோ முன்பே பயின்றோருக்குச் சலுகை உண்டு.

அப்பயிற்சியில் கற்பிப்பது என்ன? காப்புச் சட்டம், நீதிமன்ற நடைமுறை, சொத்து மேலாண்மை, சமூகநல உதவிகளைப் பெறும் வழி. இவற்றை எவரும் எதிர்பார்ப்பர். இவற்றினும் அரிய பாடம், நோயுற்றவரோடும் ஊனமுற்றவரோடும் உரையாடும் முறையும், அவர் தாமே முடிவெடுக்கத் துணைநிற்கும் முறையுமாகும். நினைவு மங்கிவரும் முதியவர் ஒருவர், தனியே வாழ்ந்த வீட்டைவிட்டு வரமாட்டேன் என்கிறார். முதியோர் இல்லமே அவருக்குப் பாதுகாப்பு என்று காப்பாளருக்குத் தோன்றுகிறது. யார் சொல் நிற்கும்? முதியவர் சொல்லே என்கிறது சட்டம். அவ்விருப்பம் அவர் உயிருக்கோ உடைமைக்கோ பெருந்தீங்கு விளைக்கும் என்பதும், நோயின் காரணமாக அதனை அவரால் உணர இயலவில்லை என்பதும் தெளிவானாலன்றிக் காப்பாளர் அதனை மீறலாகாது. நல்லெண்ணம் உடைய உறவினரே பெரும்பாலும் தவறும் இடம் இதுதான். அன்புள்ளவர், கேட்காமலே முடிவு செய்துவிடுகிறார்.

நம் நாட்டிலும் சட்டத்தின் மொழி மாறியிருக்கிறது. ஊனமுற்றோர் உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையை 2007ஆம் ஆண்டிலேயே இந்தியா ஏற்றது. அதற்கு இணங்க இயற்றப்பட்ட 2016ஆம் ஆண்டுச் சட்டம், ‘வரையறுக்கப்பட்ட காப்பு’ என்ற புதிய கருத்தைத் தந்து, காப்பாளரும் காக்கப்படுபவரும் பரஸ்பர நம்பிக்கையோடு கூடி முடிவெடுக்க வேண்டும் என்கிறது. கூடி முடிவெடுக்கும் அக்கலையை எங்கே கற்பது என்று மட்டும் அது சொல்லவில்லை. ஆட்டிசம், பெருமூளை வாதம், மனவளர்ச்சிக் குறை, பல்வகை ஊனம் ஆகியவை உடையோருக்கான 1999ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ், மாவட்டந்தோறும் அமைந்த குழு காப்பாளரை நியமிக்கிறது. அவர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும் ஆண்டுதோறும் கணக்கும் தர வேண்டும். பழைய 1912ஆம் ஆண்டு வாசகமே மீண்டும் ஒலிப்பதைக் கேட்போர் உணரக்கூடும்.

நினைவிழந்து கோமா நிலையில் கிடப்போருக்கெனத் தனிச் சட்டம் எதுவும் இயற்றப்படவில்லை. கணவரின் வங்கிக் கணக்கிலிருந்து அவருடைய மருத்துவச் செலவுக்கே பணம் எடுக்க முடியாத மனைவியர் உயர் நீதிமன்றத்தின் படியேறுகின்றனர். கேரள உயர் நீதிமன்றம் 2019ஆம் ஆண்டில் இத்தகையோருக்காக வழிமுறைகளை வகுத்தது. மருத்துவக் குழுவின் அறிக்கை வேண்டும். சொத்து விவரம் வேண்டும். காப்பாளர் தாம் செய்த கொடுக்கல் வாங்கல்களைப் பற்றி ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீதிமன்றப் பதிவாளரிடம் அறிக்கை தர வேண்டும். படுக்கையருகே அமர்ந்து அவ்வறிக்கையை எழுதும் மனைவிக்கு, அதனை எழுதும் முறையைக்கூட வழக்கறிஞரின் குமாஸ்தாதான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.