பரேலில் சங்கு ஊதிய காலம்

மில் சங்கை வைத்து வீட்டுக் கடிகாரத்தைச் சரி செய்த தலைமுறை நாம். பீளமேடு, சிங்காநல்லூர் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் ஊரில் ஸ்டேன்ஸ் துரை 1888-ல் முதல் மில்லைத் தொடங்குவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே இதே சங்கு ஊதத் தொடங்கிய ஊர் பம்பாய். 1976 முதல் 1985 வரை அங்கே குமாஸ்தா உத்தியோகம் பார்த்தேன். தங்கியது மாட்டுங்காவில், அலுவலகம் லோயர் பரேலில். சென்ற ஆண்டு ஒரு கல்யாணத்துக்காகப் போனபோது, இரண்டு நாள் ஒதுக்கி அந்தப் பகுதியை நடந்தே பார்த்து வந்தேன்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. காவஸ்ஜி நானாபாய் தாவர் என்ற பார்சி வணிகர் 1854-ல் ஒரு நூற்பு, நெசவு கம்பெனியை ஆரம்பித்தார். தார்தேவில் இருந்த அந்த ஆலை 1856-ல் ஓடத் தொடங்கியது. 1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அங்கிருந்து பருத்தி வராததால் இங்கிலாந்து நம் பருத்தியை எந்த விலைக்கும் வாங்கியது. பம்பாயில் பணம் புரண்டது. அடுத்த சில பத்தாண்டுகளில் பரேல், லால்பாக், வொர்லி, பைகுல்லா எல்லாம் புகைபோக்கிகள் எழுந்தன. மராட்டியர்கள் அந்த வட்டாரத்துக்கு வைத்த பெயர் கிரண்காவ். மில் கிராமம் என்று பொருள்.

ரத்னகிரி, சதாரா ஜில்லாக்களிலிருந்து வந்தவர்களே தொழிலாளிகளில் அதிகம். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வருவார்கள். ‘சால்’ எனப்படும் வரிசை வீடுகளில், பத்தடிக்குப் பத்தடி அறையில் பத்துப் பன்னிரண்டு பேர். மூன்று ஷிப்டு என்பதால் ஒருவர் எழுந்து போன பாயில் இன்னொருவர் வந்து படுப்பார். சாப்பாட்டுக்கு ‘கானாவள்’. சொந்த அடுப்பில் சமைத்து மாதக் கணக்கில் சோறு போட்ட பெண்கள் நடத்தியது. ஷிப்டு விடும் நேரத்தில் தலைமுடியெல்லாம் பஞ்சு ஒட்டிக்கொண்டு வரும் கூட்டத்துக்கு வழிவிட்டு, நாங்கள் ஓரமாக நிற்போம்.

1981 தீபாவளி போனஸில் தொடங்கிய மனக்கசப்பு, 1982 ஜனவரி 18 அன்று பொது வேலைநிறுத்தமாக வெடித்தது. தலைமை தாங்கியவர் டாக்டர் தத்தா சாமந்த். சுமார் 60 மில்கள், ஏறத்தாழ 2.5 லட்சம் தொழிலாளிகள். கூலி உயர்வு மட்டும் கோரிக்கை அல்ல. தினமும் காலையில் கேட்டில் நின்று, ஆள் வராத இடத்தில் மட்டும் வேலை பெற்ற ‘பதிலி’களை நிரந்தரமாக்கச் சொன்னார்கள். 1946-ம் ஆண்டுச் சட்டப்படி ஒரு தொழிலுக்கு ஒரே சங்கத்துக்குத்தான் பேசும் உரிமை. அந்த உரிமை காங்கிரஸ் சார்ந்த சங்கத்திடம் இருந்தது. அதையும் மாற்றச் சொன்னார்கள். அரசு இறங்கி வரவில்லை.

ஆறு மாதம் ஆனது, ஒரு வருடம் ஆனது. பாத்திரங்கள் அடகுக்கடைக்குப் போயின. கானாவள் அடுப்புகள் அணைந்தன. பலர் ஊருக்கே திரும்பினார்கள். இதற்கிடையே நெசவு வேலை பிவண்டி விசைத்தறிகளுக்குப் போய்விட்டது. அந்த வேலைநிறுத்தம் முடிந்ததாக முறைப்படி யாரும் அறிவிக்கவே இல்லை. சங்குகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. 1997 ஜனவரியில் சாமந்தை பொவாயில் சுட்டுக் கொன்றார்கள்.

மிஞ்சியது நிலம். நகரத்தின் நடுவே சுமார் 600 ஏக்கர். 1991-ல் மகாராஷ்டிர அரசு ஒரு விதி போட்டது. மில் நிலத்தை விற்றாலோ கட்டடம் கட்டினாலோ மூன்றில் ஒரு பங்கு நகரத்தின் திறந்தவெளிக்கு, ஒரு பங்கு ஏழைகள் குடியிருப்புக்கு, மீதி உரிமையாளருக்கு. எனக்குத் தெரிந்து இவ்வளவு நியாயமான விதி வேறு எந்த நகரத்திலும் இல்லை. ஆனால் 2001-ல் ஒரு திருத்தம் வந்தது. கட்டடம் எதுவும் இல்லாத காலி இடத்தில் மட்டும் பங்கு கொடுத்தால் போதும் என்றார்கள். மில் வளாகத்தில் காலி இடம் எவ்வளவு இருக்கும்? வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2006-ல் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பானது.

நான் பார்த்த பீனிக்ஸ் மில் இன்று பெரிய மால். பழைய புகைபோக்கியை மட்டும் அழகுக்கு விட்டிருக்கிறார்கள். சுற்றிலும் கண்ணாடி அலுவலகங்கள், ஐம்பது அறுபது மாடிகள். ரயில் நிலையங்களோ மில் காலத்தில் இருந்த அதே இடத்தில், அதே நெருக்கடியில். 2017 செப்டம்பர் 29 காலை, மழைக்கு ஒதுங்கிய கூட்டம் எல்பின்ஸ்டன் ரோடு நிலையத்தின் குறுகிய நடைமேம்பாலத்தில் நெரிந்து 23 பேர் இறந்தார்கள். மில் நிலத்தில் ஒரு பங்கு பொது வழிக்கும் திறந்தவெளிக்கும் முழுதாகக் கிடைத்திருந்தால் அந்த வட்டாரம் இப்படி மூச்சு முட்டியிருக்காது என்பது என் எண்ணம்.

லால்பாக்கில் ஒரு சால் வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். “காகா, எந்த மில்?” என்று கேட்டதும் முகம் மலர்ந்தது. நெசவுப் பகுதியில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவராம். உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தார். மில் அடையாள அட்டையும், அரசு வீட்டுக்கு மனுச் செய்த ரசீதும். மில் தொழிலாளிகளுக்கான வீட்டுக் குலுக்கல் 2012-ல் தொடங்கியது. மனுச் செய்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். வீடு கிடைத்தது சிறு பகுதியினருக்குத்தான். “அடுத்த குலுக்கலில் வரும்” என்று சொல்லி உறையைப் பத்திரமாக மடித்தார். அவருக்கு வயது எண்பத்தொன்று.

நம் ஊரிலும் லட்சுமி மில் பஸ் ஸ்டாப்பில் இறங்கி இன்று கடைக்குப் போகிறோம். ஊர் மாறட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? மூடிய மில் எதுவாக இருந்தாலும், அந்த நிலத்தில் யார் யாருக்குப் பங்கு என்ற கேள்வியை, விலை பேசி முடிப்பதற்கு முன்பே ஊர்க்காரர்கள் கேட்க வேண்டும். பம்பாயில் கேட்டவர்கள் இருந்தார்கள், விதியும் இருந்தது. அதைத் திருத்தியபோது கவனித்தவர்கள்தான் குறைவு.