பர்மாவில் 25 லட்சம் ஏக்கர்

வில்லியனூர், பாகூர் பக்கம் கொஞ்சம் காசு சேர்ந்த வீடுகள்ல இப்ப ஒரு பேச்சு அடிபடுது. "வெளிநாட்டுல வீட்டு விலை இறங்கும்போது ஒண்ணு வாங்கிப் போட்டுடணும்"னு. துபாய்ல வேலை பார்க்கிற பிள்ளைங்களும் சொல்றாங்க, பிரான்சுல இருக்கிற சொந்தக்காரங்களும் சொல்றாங்க. நெல்லு போடுற எனக்கு துபாய் பிளாட்டைப் பத்தி என்ன தெரியும்? நிலத்தைப் பத்தி கொஞ்சம் தெரியும். விலை விழுந்த காலத்துல அடுத்த நாட்டு நிலம் நம்ம ஜனங்க கைக்கு வந்த கதை ஒண்ணு இருக்கு. டவுன்ல இருக்கிற நீங்க அதைத் தெரிஞ்சுக்கணும்.

எங்க புதுச்சேரிக்காரங்களுக்குக் கடல் தாண்டின ஊருன்னா சைகோன். ரெண்டு ஊரும் பிரெஞ்சுக்காரன் கையில இருந்ததால குமாஸ்தாவா, போலீசா, சொல்தாவா போனாங்க. தமிழர் கும்பிட்ட மாரியம்மன் கோவில் அங்க இன்னிக்கும் இருக்கு. நாட்டுக்கோட்டை செட்டியார்கள் சைகோன்லயும் கடை வச்சிருந்தாங்க. ஆனா அவங்க பெரிய பணம் போனது பர்மாவுக்குத்தான்.

1852ல கீழ்ப்பர்மா வெள்ளைக்காரன் கைக்குப் போச்சு. 1869ல சூயஸ் கால்வாய் திறந்ததும் ஐரோப்பாவுக்கு அரிசி ஏத்துறது சுலபமாச்சு. ஐராவதி டெல்டாவுல காடும் சதுப்புமா கிடந்ததை பர்மாக்காரன் வெட்டித் திருத்தி வயலாக்கினான். எண்பது வருஷத்துல நெல் பரப்பு பத்து மடங்கு ஆச்சு. காட்டை அழிச்சு, வரப்புப் போட்டு, மாடு வாங்கி, முதல் மகசூல் பார்க்கிற வரைக்கும் சாப்பிடணுமே, அதுக்குக் காசு யார் தருவா? வெள்ளைக்கார பேங்க் விவசாயிக்கு நேரா தராது. செட்டியாருக்குத் தரும், செட்டியார் விவசாயிக்குத் தருவார். அவர் வாங்கின வட்டி மத்த லேவாதேவிக்காரங்களை விடக் குறைவுதான். 1930ல பர்மாவுல சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்துச்சு. அதுல ஓடின பணம் 75 கோடி ரூபாய்னு அரசாங்கம் வச்ச வங்கி விசாரணைக் குழு கணக்குப் போட்டது. அந்தக் காலத்து 75 கோடி! காரைக்குடிப் பக்கம் பர்மா தேக்குல நிக்கிற வீடுகளைப் பார்த்தவங்களுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்ல.

அப்பத்தான் உலக மந்தம் வந்தது. 1930ல சரிய ஆரம்பிச்ச நெல் விலை ரெண்டு மூணு வருஷத்துல பாதிக்கும் கீழ போச்சு. விளைச்சல் என்னவோ அதேதான். ஆனா போன வருஷம் 100 மூட்டை போட்டு அடைச்ச கடனை அடைக்க இப்ப 200 மூட்டைக்கு மேல போடணும். கடன் வாங்கிப் பயிர் வைக்கிற என்னைப் போல ஆளுக்கு இது ஒரு வரியில புரிஞ்சிடும். வட்டி நின்னது, அப்புறம் அசலும் நின்னது, அடமானம் வச்ச வயல் செட்டியார் பேருக்கு மாறிச்சு.

1930ல முக்கியமான 13 நெல் மாவட்டங்கள்ல செட்டியார்கள் கையில இருந்தது 5.70 லட்சம் ஏக்கர், நூத்துக்கு ஆறு பங்கு. 1938ல அது 24.68 லட்சம் ஏக்கர், நாலுல ஒரு பங்கு. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நாலையும் சேர்த்தாலே சுமார் 1.2 லட்சம் ஏக்கர்தான் வரும். அதைப்போல இருபது மடங்கு!

மேலோட்டமா பார்த்தா, மலிஞ்ச நேரத்துல வளைச்சுப் போட்டாங்கன்னு தோணும். அது சரியில்ல. கடன் தொகைக்கு ஈடா எடுத்துக்கிட்ட நிலம் அது. சந்தையில அந்த விலைக்கு வாங்க ஆளே கிடையாது. செட்டியாருக்கு ஏர் பிடிக்க வேணாம், காசுதான் வேணும். ஊர்ல டெபாசிட் போட்டவங்களுக்கு அவரும் பதில் சொல்லணுமே. குத்தகைக்கு விட்டுட்டு விலை ஏறட்டும்னு காத்திருந்தாங்க.

நிலத்தை இழந்தவன் எங்கயும் போகல. அதே வயல்ல குத்தகைக்காரனா, கூலியா நின்னான். தான் திருத்தின மண்ணுக்கு வேற நாட்டுக்காரன் சொந்தக்காரன்னு தினமும் பார்த்துக்கிட்டே நின்னான். 1930 டிசம்பர்ல சாயா சான் தலைமையில கிளம்பின விவசாயி கலகத்துக்கு நெல் விலையும் வரியும் முக்கிய காரணம். 1937ல பர்மா இந்தியாவுல இருந்து தனியா பிரிஞ்சது. அடுத்த வருஷமே இந்தியர்களுக்கு எதிரா ரங்கூன்ல கலவரம். 1939ல குத்தகைச் சட்டம், 1941ல நிலம் விவசாயி அல்லாதவன் கைக்குப் போறதைத் தடுக்கிற சட்டம். மந்தம் நிலத்தோட விலையை இறக்கிச்சு. அந்த மந்தமேதான் சட்டத்தையும் கொண்டு வந்து நிறுத்திச்சு. ரெண்டும் ஒரே கிணத்துத் தண்ணி.

அப்புறம் நடந்ததை வேகமா சொல்லிடறேன். 1941 டிசம்பர்ல ரங்கூன்ல ஜப்பான் குண்டு விழுந்தது. கப்பல் கிடைக்காதவங்க மலையும் காடும் நடந்து வந்தாங்க, வழியில செத்தவங்க எத்தனையோ பேர். 1948ல பர்மா சுதந்திரம் வாங்கினதும், அதே வருஷம் நில தேசியமயச் சட்டம் வந்தது. நஷ்டஈடு பேருக்கு இருந்துச்சு. 1962ல நீ வின் ராணுவ ஆட்சி வந்து கடைகளையும் எடுத்துக்கிச்சு. மிச்சம் இருந்தவங்களும் கப்பல் ஏறினாங்க. சென்னை பர்மா பஜார் அப்படி வந்தவங்களால உண்டான கடைத்தெருதான்.

முன்கூட்டியே கிளம்பினவங்களும் உண்டு. மோல்மேன்ல தொழில் ஆரம்பிச்ச ஏ.எம். முருகப்ப செட்டியார் குடும்பம், போருக்கு முன்னாடியே 1930கள்ல முதலை இந்தியாவுக்குக் கொண்டு வந்துட்டாங்க. 1949ல அம்பத்தூர்ல சைக்கிள் கம்பெனி வச்சது அவங்கதான். அத்தனை ஏக்கர் காகிதத்துல பேர் இருக்கும்போது, இருக்கிற பணத்தை மட்டும் எடுத்துக்கிட்டு வர்றதுக்கு எவ்வளவு தைரியம் வேணும்!

இப்ப யாரும் ராணுவத்தை அனுப்பி பிளாட்டைப் பிடுங்கப் போறதில்லன்னு நீங்க சொல்லலாம். சரிதான். 2009ல துபாய்ல விலை பாதியா விழுந்தப்ப வாங்கி, காத்திருந்து லாபம் பார்த்தவங்க இருக்காங்க, நான் மறுக்கல. ஆனா வீட்டு விலையில உள்ளூர்க்காரன் அடிபட்டா, அரசாங்கத்தோட பார்வை முதல்ல வெளியாள் மேலதான் விழுது. இது விலை ஏறினாலும் நடக்குது. நியூசிலாந்து 2018லயே வெளிநாட்டவர் வீடு வாங்குறதைத் தடுத்துச்சு. கனடா 2023 ஜனவரியில தடுத்துச்சு. ஆஸ்திரேலியா 2025 ஏப்ரல்ல இருந்து பழைய வீடுகளை வெளிநாட்டவர் வாங்க ரெண்டு வருஷத் தடை போட்டுச்சு. வெளியாளுக்கு அந்த ஊர்ல ஓட்டு கிடையாது, கேட்க ஆளும் கிடையாது.

நம்ம ஊர் மட்டும் என்ன? 1962ல ஒப்பந்தம் அமலுக்கு வந்தப்ப பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்கள் எங்க கம்யூன்கள்ல இருக்கு. தமிழ்தான் பேசுறாங்க, எங்க தேர் இழுக்க வர்றாங்க. அப்பா விட்டுட்டுப் போன வயல் வாரிசா அவங்களுக்கு வரும். அதை ஒட்டி இருக்கிற அரைக் காணியை பக்கத்து வயல்காரன் விக்க வந்தா, அவங்களால கிரயம் பண்ண முடியாது. வெளிநாட்டுக் குடிமகன் இங்க விவசாய நிலம் வாங்கக் கூடாதுங்கிறது நம்ம சட்டம். அரைக் காணியை நான்தான் வாங்குவேன், இல்ல மனை போடுற ஆளு வாங்குவான்.