செய்யாது விட்ட சோதனை

1996-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள், பிரெஞ்சு கயானாவிலுள்ள கூரூ தளத்தினின்று ஏரியான் 5 என்னும் ஐரோப்பிய ராக்கெட் முதன்முறையாக எழுந்தது. சுமார் 40 வினாடிகளில் பாதை பிறழ்ந்து வெடித்துச் சிதறியது. பூமியின் காந்த மண்டலத்தை ஆராயச் சென்ற நான்கு கிளஸ்டர் செயற்கைக் கோள்களும் உடன் அழிந்தன.

எஞ்சினில் பழுதில்லை. திசையறி கருவியின் மென்பொருளே காரணம். அது ஏரியான் 4-இல் குறைவின்றி உழைத்தது; ஆகவே புதிய ராக்கெட்டிலும் எடுத்தாளப்பெற்றது. ஆனால் இதன் கிடைவேகமோ முன்னதைவிட மிகுதி. 16 பிட் இடத்தில் அடங்காத எண் ஒன்று பிறக்கவே, கருவி செயலற்றது. துணைக்கருவி ஒன்றும் இருந்தது. அதிலும் அதே மென்பொருள், அதனால் அதே கதி! விந்தை யாதெனில், அக்கணக்கு ராக்கெட் எழுந்தபின் தேவையே அற்றது.

கணித அறிஞர் ழாக்-லூயி லியோன்ஸ் தலைமையிலான விசாரணைக் குழு ஒருவரையும் தனித்துப் பழிக்கவில்லை. எண்களுள் சிலவற்றைக் காப்பின்றி விடுவதெனப் பல தரப்பினரும் கூடியே முடிவு செய்திருந்தனர். புதிய பாதையின் விவரம் கருவியின் தேவைக்குறிப்பில் சேர்க்கப்படவில்லை. ஒத்திகையிலோ மெய்க்கருவிக்குப் பதிலாக அதன் போலியே இயங்கியது. புதிய பாதையைக் கொடுத்துத் தரையில் சோதித்திருந்தால் பிழை அன்றே வெளிப்பட்டிருக்கும் என்றது குழு.

அடுத்த ஏரியான் 5 எழுவதற்கு 1997 அக்டோபர் வரை காத்திருக்க நேர்ந்தது.